எலாஸ்டிக்கின் இன்னொரு முனை

"நான் ஓடிப்போகலை, வாலு. வேலை கிடைச்சுது, போனே—"

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்போ—"

"மெதுவா பேசேன், வெளியில கேக்கப் போகுது."

"கேக்கட்டும். 'விட்டுட்டுப் போனேன்'னு ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. போதும்."

"நமக்கு நடுவுல தூரம் தானா வளந்துபோச்சும்மா. யார் மேலயும் தப்பில்ல."

மேடைத் திரைக்குப் பின்னால் அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பேர்பெற்ற வானியல் விஞ்ஞானி. தங்கை, அன்று அவர் பேச வந்திருந்த கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுவதற்காக, கைக்கு வந்த ஆராய்ச்சி இடத்தைத் தலைமுழுகியவள். அவரைப் பேச அழைத்ததே அவள்தான். பாசத்தில் என்று கல்லூரி முதல்வர் நம்பினார், பாவம்.

மேடையில் அண்ணன், பேனாவால் அலை அலையாக வரைந்த எலாஸ்டிக் நாடாவின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டாள்.

"தூரத்து நட்சத்திரக் கூட்டம் விண்வெளிக்குள்ள ஓடறதால அதோட ஒளி சிவக்குதுன்னு நினைக்கறோம். ஓடவே வேண்டாம். ஒளி வர்ற வழியே விரியுது, இப்படி!" இழுத்தார். அலைகள் அகன்றன. "நீலமா கிளம்பினது வழியெல்லாம் நீண்டு, சிவப்பா வந்து சேருது. நானும் என் தங்கச்சியும் இப்படித்தான். யாரும் யாரையும் விட்டுப் போகலை. நடுவுல இடம் விரிஞ்சுது, அவ்வளவுதான்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே கேட்டாள்.

"ஒரு சந்தேகம் சார். அப்படின்னா இந்த மேஜையும் விரியுதா?"

"சேச்சே. அணுவை அணு இறுக்கிப் பிடிச்சிருக்கே!"

"பூமியும் சூரியனும்?"

"ஈர்ப்பு விடாதும்மா. ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கற எதுக்குள்ளயும் இந்த விரிவு செல்லாது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல, ரொம்ப ரொம்பத் தூரத்துல மட்டும்..." பாதியில் குரல் இறங்கியது. எங்கே வந்து மாட்டினோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆக, ஒரே வீட்டுக்குள்ள?"

"செல்லாது."

"ஒரு கட்டிலைச் சுத்தி நிக்கறவங்களுக்குள்ள?"

"செல்லாதுன்னு சொன்னேனே."

ஏதோ நாடகம் என்று நினைத்து முன்வரிசை மாணவிகள் சிரித்தார்கள். அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"அப்போ அப்பா கட்டிலை விட்டு அவ்வளவு தூரம் போனது யாருண்ணா, இடமா, நீயா?"