சிப்பி இருந்த கல்

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில், உயிருள்ள இரண்டு கடற்சிப்பிகள் சங்கராபுரம் வந்து சேர்ந்தன. தமிழ்வேந்தன் அங்கே பேட்டரிக் கடை வைத்திருந்தான். வீடு கடைக்கு மேலேயே. கரண்ட் போனாலும் வீட்டில் வைத்திருந்த கடல்நீர் மீன்தொட்டியின் மோட்டார் நிற்காது என்பதில் அவனுக்குப் பெருமை.

"இதுங்களுக்குத் தீனி வேணாம்," என்றான் மனைவி இசைவாணியிடம். "சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குது. அது வெளிச்சத்துல சமைச்சுப் போடும், இது சாப்புட்டுக்கினே இருக்கும்."

ஒன்று நல்ல நீலம். மற்றது பச்சையில் பொன்வரி. விளக்கு எரிந்ததும் ஓட்டைத் திறந்து, சேலைக் கொசுவம்போல் சதையை விரித்துக்கொள்ளும். நிழல் பட்டால் வெடுக்கென்று மூடும். இசைவாணி கல்வராயன்மலைக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜன்னலில்லாத அந்த முன்னறையில் பேச ஆளின்றிக் கிடந்தவள். வற்றிய அளவுக்குத் தண்ணீர் நிரப்புவது, அதில் உப்பின் அளவு பார்ப்பது, கண்ணாடி துடைப்பது எல்லாம் அவள் வேலையாயின. போகப்போக நீலச் சிப்பி அவள் கை நிழலுக்கு மூடுவதை விட்டுவிட்டது. இதைக் கணவனிடம் சொன்னாள். "அப்டியா," என்றான் அவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாசியில் நீலச் சிப்பி சரியாக விரியவில்லை. அது உட்கார்ந்திருந்த கல்லில் பட்டன் பட்டனாய் ஒட்டியிருந்த ஆரஞ்சுப் பூக்கள் பெருகி அதன் சதையை உரசிக்கொண்டிருந்தன. பூப்போலத் தெரிந்தாலும் அவையும் சிப்பியைப்போல் கடல் உயிர்கள்தான். இசைவாணி கடைக்குப் போன் செய்தாள்.

"சிப்பிய வேற கல்லுல வச்சிட்டு, அந்தக் கல்ல வெளிய எடு. கொதிக்கிற தண்ணிய ஊத்தித் தேய். எல்லாம் செத்துப்பூடும்," என்றான்.

"அதுனால ஒண்ணும் ஆவாதுங்களா?"

"பூவு தானே. கடையில ஆளுங்க நிக்கிறாங்க, வையி."

தொட்டிப் பக்கம் ஆவி போகாமலிருக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினாள். முகத்தில் அடித்த ஆவியில் குமட்டும் வாடை இருந்தது. வாயில் துருப்பிடித்த இரும்பை நக்கியதுபோல் ஒரு கசப்பு. சாயங்காலம் உடம்பு தூக்கிப் போட்டது. இருமல் நிற்கவில்லை. தமிழ்வேந்தன் ஜுர மாத்திரை வாங்கிவந்து கொடுத்தான். விடிந்தபோது அவளால் படி இறங்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. என்ன காரணமென்று பிடிபடவில்லை.

மறுநாள் அவள் கண்மூடிக் கிடந்தாள். கட்டிலருகே தமிழ்வேந்தன் மெல்லப் போனில் பேசுவது கேட்டது. சிப்பி விற்ற சென்னைக்காரரோடு.

"அந்தப் பூவு விஷம்னு இப்பப் போய் சொல்றீங்களே... ஆமாங்க, சுடுதண்ணி தான் ஊத்துனா... சிப்பியா? அது நல்லா விரிஞ்சிக்கினு இருக்குதுங்க. காலையில கூட போய்ப் பாத்துட்டு வந்தேன்."

சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்தார். "வீட்டுல பூச்சிமருந்து, ஆசிட்னு எதையாவது மூச்சுல இழுத்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்டி ஒண்ணும் இல்லீங்க," என்றான் தமிழ்வேந்தன்.

இசைவாணி கண்ணைத் திறந்தாள். முகத்து மாஸ்க்கைத் தானே விலக்கினாள். "மீன்தொட்டிக் கல்லு மேடம்," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அதுல விஷம் இருக்குதாம். சுடுதண்ணி ஊத்துனேன். அவருக்குத் தெரியும்."

டாக்டரம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தபடி நின்றான். அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து கிடையாது என்று பிறகு தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தாலும் இதே வைத்தியம்தான். இசைவாணிக்கு அது ஆறுதலாக இல்லை.

உயிர் பிழைத்தாள். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மலையிலிருந்து அம்மா மூக்காயியும் அண்ணன் முருகனும் வந்தார்கள். அவர்களோடு மலைக்குக் கிளம்புமுன் அவள் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீலச் சிப்பி முழுசாய் விரிந்திருந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை.

"டாக்டரம்மாகிட்ட சொன்னா உங்க அண்ணன் போலீசுக்குப் போயிடுவாரோன்னு பயந்துட்டேன்," என்றான் தமிழ்வேந்தன். "தொட்டிய வித்துடட்டா?"

"அது இன்னா பண்ணுச்சு?" என்றாள் இசைவாணி.

மலையில் பஸ் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றம். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முருகன் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். சாமை தூற்றும் தூசி அவளுக்கு ஆகவில்லை. அடுப்புப் புகையும் ஆகவில்லை. எந்த வேலைக்கும் உதவாமல் இரண்டு அறை வீட்டில் படுத்திருப்பவளை அண்ணி முதலில் பரிதாபமாகப் பார்த்தாள், பிறகு பார்க்காமலிருந்தாள்.

சித்திரையில் தமிழ்வேந்தன் வந்தான். மூக்காயி சோறு போட்டாள்.

"வந்துடு இசை," என்றான், சாப்பிட்டு முடித்து.

"டாக்டர் கேட்டப்ப நான் செத்துக்கினு இருந்தேங்க."

அவன் கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனான். உள்ளே அண்ணி அடுப்பு பற்றவைத்தாள். இசைவாணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே நடந்தாள்.