ஒன்று முதல் இரண்டு வரை ஜெயக்கொடி

1.

இந்தக் கதையை எழுதக் காரணம் குற்றவுணர்ச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

என் பெயர் எழிலரசன். செஞ்சியில் ஜெராக்ஸ் கடை. கதையும் எழுதுவேன். [அச்சில் வந்தவை இரண்டு. ஒன்றில் என் பெயரே தப்பாக வந்தது.] ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் எங்கள் சபைக் கோயிலில் ஒரு சனிக்கிழமை சங்கிலி ஜெபம் நடக்கும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் வந்து முழங்கால் போடும்வரை முன்னவர் எழுந்திருக்கக் கூடாது, சங்கிலி அறுந்துவிடும். பட்டியல் போடுவது நான்.

2.

தொடக்கம், முதல் வரைவு: ‘ராஜகிரியின் உச்சியில் வெயில் ஒரு...’

வேண்டாம். கோட்டை பார்க்க வருகிறவர்கள் அதை எழுதட்டும்.

இரண்டாவது: பன்னிரண்டிலிருந்து ஒன்று ஷோபனா. அவள் வாயைத் திறந்தால் வசனம் அருவியாகக் கொட்டும். ஜனங்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று கேட்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஜெயக்கொடி. மார்க்கெட் கமிட்டியில் நெல் தூற்றுகிறவள். அவள் முழங்கால் போட்டதும் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

[ஷோபனாவைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாக முடியும். முயன்று பார்த்தேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் ஓடிவந்தவள் அவள்தான்.]

3.

போன வருஷம் இரண்டிலிருந்து நான்கு வரை நான். ஜம்பமாக இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டேன். அன்று கடையில் உட்கார்ந்து ஒரு பெரிய எழுத்தாளரின் கதையைப் படித்தேன். இப்படி ஒரு வரி நமக்கு ஜென்மத்துக்கும் வராதே என்று பொருமி, என் கதையைக் கிழித்து, மறுபடி எழுதி, மறுபடி...

மணி மூன்றே முக்கால். அடப்பாவி!

ஓடினேன். கோயிலுக்குள் ஜெயக்கொடி மட்டும் முழங்காலில் இருந்தாள்.

“வந்துட்டியாண்ணா? ஒண்ணும் ஆவலியே?”

“நீ இன்னும் போவலியா?”

“நீ வராம எப்டி எந்திரிக்கறது?”

“இவ்ளோ நேரம் இன்னா ஜெபம் பண்ண?”

“எனக்கு இன்னா தெரியும்? அஞ்சு நிமிஷத்துல தீந்துபோச்சு. அப்பறம் உன்னக் காணமா, வண்டியில எங்கனா வுழுந்துட்டியோன்னு பயமாப் பூட்ச்சு. எழிலண்ணன் நல்லா இருக்கணும், எழிலண்ணன் நல்லா இருக்கணும்னு அதையே சொல்லிகினு இருந்தன்.”

பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

“அடுத்த வருஷம் என் பேர எடுத்துடுண்ணா. ஷோபனாக்கா மாதிரி எனக்கு வராது. ஆண்டவருக்கே போரடிக்கும்.”

என் பெயரை அத்தனை தடவை யாருமே சொன்னதில்லை, என்னைப் பெற்றவள்கூட. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லியிருக்க வேண்டும்.

4.

முடிவு அ: போதகர் ஐயா பிரசங்கத்தில் ஜெயக்கொடியைப் பாராட்டுகிறார். [அடுத்த ஞாயிறு அவள் கோயில் பக்கமே வரமாட்டாள்.]

முடிவு ஆ: ஷோபனாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, ஜெயக்கொடி எழுந்து... [சீ, சினிமா.]

நடந்தது இவ்வளவுதான். இந்த வருஷப் பட்டியலிலும் அவள் பெயரை அதே இடத்தில் போட்டேன். ஷோபனாவிடம் கேட்டு, அவளுடைய பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையை நான் வாங்கிக்கொண்டேன். தாளைக் கொடுத்தபோது ஜெயக்கொடி பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

5.

இந்தப் பகுதியை மனசுக்குள்தான் எழுதுகிறேன். கை கூப்பியிருக்கிறது. மணி ஒன்றேகால். முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிறது. ராத்திரியெல்லாம் யோசித்துக் கொண்டுவந்த நல்ல வார்த்தைகள் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. ஜெயக்கொடி நல்லா இருக்கணும், ஜெயக்கொடி நல்லா இருக்கணும். வேறொன்றும் வரவில்லை.

வாசலில் அவள் செருப்புக் கழற்றும் சத்தத்தை நானே எழுதிவிடலாம். மனசு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

அதுவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.