பிரிட்டோ தின்ற நாலு பூரி

உயிரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, நூற்றிருபது பேரை எழுப்பி நிற்கவைத்து மௌன அஞ்சலி செலுத்தவைத்தவன் நான்.

எங்கள் கல்லூரியில் நூல் அறிமுகக் கூட்டம். ஓய்வுபெற்ற ஹவில்தார் தைரியராஜ், கார்கில் போர் நினைவுகளைப் புத்தகமாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ஒரு மாணவர் பேச வேண்டும். ஃபெமினா மேடம் நம்பி என்னிடம் கொடுத்தார். மூன்று வாரம் அவகாசம். அதில் இருபது நாளை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, கடைசி நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் பின்னட்டையைப் பார்த்தேன். ஓர் இளைஞரின் படம். மேலே சிலுவை. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. பின்னட்டையில் இருப்பவர்தானே ஆசிரியர்? பாவம், இருபத்து நாலு வயது. அப்படியானால் புத்தகத்தை எழுதியது யார் என்ற கேள்வி காவிரிப் பாலம் தாண்டும்வரை எனக்கு வரவில்லை. தாண்டிய பிறகும் வரவில்லை.

மேடையில் குரல் தழுதழுக்க "மறைந்த தைரியராஜ்" என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். முதல் வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரரும் எழுந்து, விறைப்பாக, கண்ணை மூடி நின்றார். முடிந்ததும் ஃபெமினா மேடம் என் காதருகே வந்தார்.

"அவர்தான் தைரியராஜ். படத்துல இருக்கிறது போர்ல இறந்துபோன அவரோட நண்பர் பிரிட்டோ. முழுசா படிங்க, வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க, திரும்ப எழுதுங்க. காலேஜ் மேகசின்ல போடணும்."

படித்தேன். குற்ற உணர்ச்சியில் பென்சிலோடு இரண்டு முறை படித்தேன். போர்ப் புத்தகம் என்று பெயர்தானே தவிர, பக்கத்துக்குப் பக்கம் பிரிட்டோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பனியில் சாப்பிடுகிறார், பங்கரில் சாப்பிடுகிறார், லாரியில் சாப்பிடுகிறார். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு தப்பு கண்ணில் பட்டது. எனக்குப் பரம சந்தோஷம். முழுசாகப் படித்தவன் என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

மேலப்புதூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க தம்பி. எழவு வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாங்க? மாலை எங்க?"

"மன்னிச்சிடுங்க சார்."

"அட விடுங்க. சர்வீஸ் பூரா நான்தான் மத்தவங்களுக்கு எழுந்து நின்னேன். அன்னைக்குத்தான் எனக்கு நின்னாங்க."

"பின்னட்டையில உங்க படம் போட்டிருக்கலாமே சார்."

"என் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?"

நாற்காலியில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். "இவங்க லூர்தம்மா. பிரிட்டோவோட அம்மா. ரெண்டு வீடு தள்ளி இருக்காங்க" என்றார் தைரியராஜ்.

நான் கும்பிடப் போனேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா. அந்தப் பூரி வர்ற பக்கத்த வாசி."

"ஞாயித்துக்கிழமைதானேம்மா வாசிச்சேன்?"

"நீ வாசிச்சா பாதிய முழுங்குற. தம்பி படிக்கிற புள்ள."

வாசித்தேன். 'புதன்கிழமை விடியற்காலை பிரிட்டோ நாலு பூரி தின்றான். ஐந்தாவதை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டான். பிறகுதான் மலை ஏறினான்.'

அதன் பிறகு பிரிட்டோ திரும்பவில்லை. ஆனால் லூர்தம்மா சிரித்தார். "அடுத்தவன் தட்டுல கைய வச்சிருக்கான் பாரு, திருட்டுப்பய."

அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். நான் பென்சில் கோடு போட்ட பக்கத்தைப் புரட்டினேன்.

"சார், ஒரு சந்தேகம். திங்கட்கிழமையே மண்ணெண்ணெய் தீந்துபோச்சு, ஒரு வாரம் அடுப்பே பத்தவைக்கலன்னு இங்க எழுதியிருக்கீங்க."

"காபிக்குச் சக்கரை போதுமா தம்பி?"

"போதும் சார். அப்ப புதன்கிழமை பூரி எப்படி..."

"அச்சடிச்சவன் தப்பு."

"எது சார், கிழமையா மண்ணெண்ணெயா?"

"ரெண்டும்."

"தம்பி என்னப்பா கேக்குது?" என்றார் லூர்தம்மா.

"பூரிக்கு என்ன தொட்டுக்கிட்டான்னு கேக்குறாரும்மா."

"உருளக்கிழங்குதான். வேற எதுவும் அவனுக்கு எறங்காது" என்றார், பக்கத்தில் நின்று பரிமாறியவர் போல.

நான் டியூப்லைட்தான், ஆனாலும் அந்த நேரத்தில் எரிந்துவிட்டேன். புத்தகத்தை மூடினேன். காபியைச் சூடாக இருக்கும்போதே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் தைரியராஜ் கூடவே வந்தார்.

"மேகசின் வந்தா எனக்கு ரெண்டு காப்பி தருவாங்களாம்" என்றார். "ஒண்ணு லூர்தம்மா வாங்கிக்குவாங்க. யாரையாவது புடிச்சு வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க."

"அந்த மண்ணெண்ணெய் விஷயத்த நான் எழுதமாட்டேன் சார்."

"சந்தோஷம்."

"ஆனா எனக்குத் தெரியணும்."

"பட்டாளத்துல எங்கயாவது ஒரு அடுப்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும் தம்பி. அதோ உங்க பஸ்."

ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. கண்டக்டர் கையசைத்தார். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. தைரியராஜ் என்னைப் பார்த்தார். அடுத்த ஜோக்கைத் தேடுகிறார் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"அவன் டிரங்குப் பெட்டிய அவங்ககிட்ட கொண்டாந்து குடுக்கப் போனேன். எப்படிச் செத்தான், எங்க செத்தான், ஒண்ணும் கேக்கல. போறதுக்கு முன்னாடி சாப்பிட்டானான்னுதான் கேட்டாங்க. நாலு பூரின்னு வாயில வந்துருச்சு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க."

கர்ச்சீப்பால் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல தம்பி. அவன் சாப்பிடல. ரெண்டு நாளா நாங்க யாருமே சாப்பிடல."