நஜாத் எழுதிய இரண்டாம் தாள்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. ஈரச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, இந்த ஹீற்றருக்குப் பக்கத்தில் நெருங்கி இருங்கள். வானத்துக்குக் காவல் கேட்டுப் போன ஒரு மனிதனின் கதையைச் சொல்லப்போகிறேன். ராசாவும் பேயும் இதில் வரமாட்டார்கள். எங்கள் கட்டடத்துப் பதினோராம் மாடிதான் வரும்.

ரொறன்ரோவில் பனி அள்ள ஆமியை, ராணுவத்தைக் கூப்பிட்டார்களே, தொண்ணூற்றொன்பது தை மாதம், அப்போது நடந்தது. ஆமி வருகிறது என்று ரேடியோவில் கேட்டதும் விநாயகமூர்த்தி அண்ணை பெண்சாதியிடம், "அடையாள அட்டையளை எடுத்துக் கைப்பைக்குள்ள வையப்பா" என்றாராம். சிரியுங்கள், பரவாயில்லை. ஊரில் ஆமிக்காரன் மறித்தால் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். அன்றைக்கு எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் பதினோராம் மாடியில் அன்புராசா தனியே இருந்தான். பேக்கரியில் மாக்குழைக்கிற வேலை. மனைவி அருள்மலரும் ஆறு வயது மகள் கஜனியும் இலங்கை விமானங்கள் குண்டு போடுகிற வன்னியில். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடப் போட்ட பைல் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. "கஜனி இப்ப சத்தத்திலையே கிபிர் பிளேன் வாறதைக் கண்டுபிடிச்சிடுவாள். எங்களுக்கு முதல் பங்கர்க் குழிக்குள்ள அவள்தான்" என்று அருள்மலர் கடிதம் எழுதியிருந்தாள். அதை அவன் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தான்.

அந்த நாளில் ஈராக்கின் வடக்கிலும் தெற்கிலும் அந்த நாட்டு விமானங்கள் பறக்கக்கூடாது என்று ஒரு தடை இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் விமானங்களை அங்கே காவலுக்குச் சுற்றவிட்டிருந்தன. வன்னிக்கு மேலேயும் அப்படியொரு தடை வேண்டும் என்று எம்.பி.யிடம் கொடுக்க எங்கள் ஆட்கள் ஒரு மனு எழுதினார்கள். எழுதியவர் குலசிங்கம், ஊரில் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை எம்.பி. அலுவலகத்தில் சந்திப்பு.

அவர் அன்புராசாவுக்குப் போன் எடுத்தார். "உன்ர எதிர்க்கதவு மனுசி ஈராக்கில பஸ்ராதானே? அந்தத் தடைக்குக் கீழ இருந்த ஆள். 'இது எங்களைக் காப்பாத்தினது' எண்டு அவவிட்டை ஒரு கடிதம் வாங்கு. எங்கட ஆயிரம் கையெழுத்தை விட அது பெறும்."

எதிர்க்கதவில் இருந்தவள் நஜாத். ஐம்பது வயதிருக்கும். தொண்ணூற்று நாலில் பஸ்ராவை விட்டு வந்தவள்.

செவ்வாய்க்கிழமை ரீவியில் செய்தி. காவல் சுற்றிய விமானங்களை நோக்கி ஈராக் ஆமி ராடரைத் திருப்பியதாம். பதிலுக்கு அமெரிக்கர்கள் தெற்கில் குண்டு போட்டார்களாம். அந்த மாதம் அது எத்தனையாவது தடவை என்று நாங்கள் எண்ணுவதை விட்டிருந்தோம். அன்புராசாவுக்கோ மனம் பூரித்துப்போயிற்று. சொந்தச் சனத்துக்கே குண்டு போடுகிற அரசாங்கத்துக்குத் திருப்பி அடிக்க அந்தச் சனத்துக்காவது ஒரு ஆள் இருக்கிறதே! பொங்கலுக்குச் சுட்ட அரியதரப் பலகாரத்தை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

இருவரும் அரைகுறை இங்கிலீசில்தான் கதைப்பார்கள். நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

"என்ன தம்பி, பிறந்தநாளோ?"

"இல்லை அக்கா, உங்களுக்குத்தான். ராடரை அடிச்சுப்போட்டாங்கள். ரீவி பாக்கேல்லையே?"

நஜாத் தட்டை வாங்கினாள். அவளுடைய மற்றக் கையில் ரெலிபோன் இருந்தது.

"பாத்தனான். என்ர தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான். விடியத் தொடங்கி எடுக்கிறன், லைன் போகுதில்லை."

அன்புராசாவால் தட்டைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அவள்தான், "உள்ளுக்கு வா. குளிர் அடிக்குது" என்றாள்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்றுதான் அவன் நினைத்தான். இருந்தும் வன்னியை நினைத்துக்கொண்டு, வந்த விசயத்தைச் சொல்லிவிட்டான். கடிதம் வேண்டும் என்றான். அவள் கோபிக்கவில்லை.

"தொண்ணூற்றொண்டில சனம் அரசாங்கத்துக்கு எதிரா எழும்பினது. அரசாங்கத்து ஹெலிகொப்டர் வந்து றோட்டில போனவையளைச் சுட்டது. என்ர மனுசன் அதிலைதான் செத்தவர். தடை வந்தாப் பிறகு அந்த ஹெலி வரேல்லை. அது உண்மை, எழுதித் தாறன்."

"காணும் அக்கா. அதுவே போதும்."

"பொறு. மற்ற உண்மையும் இருக்கு. கீழ ஒருத்தன் துவக்கை மேல நீட்டுறான். மேல இருக்கிறவன் ஒண்டு போடுறான். அடுத்த நாளும் நீட்டுறான், அடுத்த நாளும் போடுறான். ரெண்டு பேருக்கும் நடுவில என்ர தங்கச்சி உடுப்புக் காயப்போடுறாள். அவளின்ர மகள் சத்தத்திலையே சொல்லுவாளாம், இண்டைக்குத் தூரத்திலயோ கிட்டவோ எண்டு."

அன்புராசாவின் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தை எடுக்கவில்லை, பொத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டையும் எழுதித்தான் தருவன்" என்றாள் நஜாத். இரண்டு தாளில் எழுதி, கிளிப் போட்டுத் தந்தாள்.

வெள்ளிக்கிழமை சப்வேயில் குலசிங்கம் அதை வாசித்தார்.

"முதல் தாள் அருமை. மற்றதைக் கழட்டு."

"அவ ரெண்டையும் சேர்த்துத்தான் தந்தவ, வாத்தியார்."

"அவவுக்குத் தெரியப்போகுதே? விசர்க் கதை கதையாதை. உன்ர பெண்சாதியும் பிள்ளையும் பங்கருக்குள்ள கிடக்க, நீ பஸ்ராவுக்கு அழுறியோ?"

அன்புராசா மூன்று ஸ்ரேசன் போகும்வரை கிளிப்பில் விரலை வைத்தபடி இருந்தான். கழற்றினால் மகளுக்கு மேலே இருக்கிற வானம் ஒருவேளை அடங்கும். அந்த ஒருவேளைக்காக அவன் எதையும் செய்வான், பொய்யும் சொல்வான். ஆனால் அந்தத் தாளில் இருந்தது இன்னொரு கஜனி. அவளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் காப்பாற்று என்று எந்த வாயால் கேட்பது? விரலை எடுத்துவிட்டான்.

எம்.பி.யின் உதவியாளர் ஒரு இளம் பெண். மனுவை வாசித்தாள், முதல் தாளை வாசித்தாள், தலையாட்டினாள். இரண்டாம் தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படியென்றால் உங்களுக்கு இந்தத் தடை வேண்டுமா, வேண்டாமா?"

குலசிங்கம் கூரையைப் பார்த்தார்.

"வேணும்" என்றான் அன்புராசா. "என்ர பிள்ளைக்கு மேல குண்டு விழக்கூடாது. ஆனா அதுக்காக வேற ஆரின்ரயோ பிள்ளைக்கு மேல போடக்கூடாது."

"சுடாமல் எப்படித் தடுப்பது?"

"தெரியாது, மிஸ். நான் பாண் சுடுற ஆள். தெரிஞ்ச உண்மை ரெண்டையும் கொண்டந்தனான்."

அவள் எல்லாவற்றையும் ஒரு பைலில் வைத்தாள். வன்னிக்கு மேலே எந்தத் தடையும் வரவில்லை. தாளைக் கழற்றியிருந்தால் வந்திருக்கும் என்று குலசிங்கம் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அன்புராசாவுக்கு அந்தச் சந்தேகம் போகவேயில்லை, அருள்மலரும் கஜனியும் இரண்டு வருசம் கழித்து எயர்போட்டில் வந்து இறங்கும்வரை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்தபோது நஜாத்துக்கு லைன் கிடைத்திருந்தது. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் இல்லை. சுடாமல் எப்படித் தடுப்பது என்று அலுவலகத்தில் அந்தப் பெண் கேட்டதை அவன் சொன்னான்.

"நீ என்ன சொன்னனி?"

"தெரியாதெண்டன்."

"எனக்கும் தெரியாது" என்றாள். இரண்டு பேரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே மழையும் பனியும் பறவையும் தவிர வேறொன்றும் வராதிருக்கட்டும். காவலே தேவைப்படாத வானம் உங்கள் பிள்ளைகளுக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும்.