சுண்டிவிட்ட தீக்குச்சி எங்கே?

“நிறுத்து, நிறுத்து! பின்னாடி போ!” என்றான் தம்பி.

“எத்தனை தடவைடா? மணி நாலரை. அஞ்சு மணிக்குள்ள நான் சரின்னு சொல்லலைன்னா மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்,” என்றாள் அக்கா.

திரையில் சுருட்டை. அந்தச் சுருள்முடி நடிகரை ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய பழைய படங்கள் ஒவ்வொன்றாக புளூ-ரே வட்டுகளாக வந்துகொண்டிருந்தன. முதல் வட்டு போன மாதம் வந்துவிட்டது. இது இரண்டாவது. பிலிமில் இருந்த கீறல், தூசியையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்தவள் அக்கா. இரண்டும் தேறினால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்கு. தம்பி இணையத்தில் வட்டுகளின் படத்தரத்துக்கு மார்க் போடுகிறவன். அங்கே அவன் பெயர் பூதக்கண்ணாடி.

அதுவரை எல்லாமே அமர்க்களம்தான். இருட்டு இருட்டாகவே இருந்தது, முகம் மெழுகுப் பொம்மையாகாமல் முகமாகவே இருந்தது. மனசுக்குள் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டான். அப்புறம்தான் இந்தக் காட்சி.

“குச்சியைக் கிழிக்கிறார். சுண்டுறார். குச்சி எங்கேக்கா? சும்மா விரலை ஆட்டினதுக்கு எண்ணெய்ப் பீப்பா வெடிக்குது. இவரென்ன மந்திரவாதியா?”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேகமாகப் பறக்கும் தீக்குச்சி வெறும் வெள்ளைப் புள்ளிதான். தூசி என்று நினைத்து மென்பொருள் துடைத்துத் தள்ளியிருக்கிறது.

“கால் நொடிடா. யார் கவனிக்கப் போறா?”

“தியேட்டரே விசிலடிச்ச கால் நொடி அது, அக்கா!” என்றவன் சட்டென்று நிறுத்தினான். “முதல் படத்துக்கும் இதே செட்டிங்கா?”

அவனே முதல் வட்டை எடுத்துப் போட்டான். வெல்டிங் பட்டறைச் சண்டை. இரும்போடு இரும்பு மோதுகிறது. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. ஏதோ அட்டைக் கம்பியால் அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அந்த வட்டுக்கு ‘ஒரு புள்ளி அழுக்கு இல்லை’ என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டது சாட்சாத் பூதக்கண்ணாடி.

அதற்குள் மேனேஜரிடமிருந்து போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா, வட்டை அச்சுக்கு அனுப்பலாமா?”

“வேணாம் சார். ரெண்டு படத்துலயும் தப்பு இருக்கு. தூசியோட சேர்த்துப் பொறி, தீக்குச்சி எல்லாத்தையும் துடைச்சுட்டேன்.”

“விளையாடாதம்மா! பூதக்கண்ணாடியே பத்து போட்டிருக்கான். அவன் கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று தலையை ஆட்டினாள். தப்பை அவளே ஒத்துக்கொண்டாள்தான்; ஆனால் பூதக்கண்ணாடியே பத்தை மாற்றினால் விற்ற முதல் வட்டையும் திரும்ப வாங்க வேண்டி வரும், அவள் கதை கந்தல். அவன் வாயைத் திறக்கவில்லைதான், லேப்டாப்பைத் திறந்தான். முதல் வட்டுக்குப் போட்ட பத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டான். ‘என் கண்ணும் ஏமாந்தது’ என்று ஒரு வரி. பதிவிடும் பொத்தானை அழுத்திவிட்டான்.

“பூதக்கண்ணாடியோட பக்கத்தைத் திறந்து பாருங்க சார்,” என்றான் போனிடம்.

அந்தப் பக்கம் மேனேஜர் மவுஸைச் சொடுக்கும் சத்தம். “அச்சை நிறுத்தறேன். திங்கக்கிழமை காலையில ஆபீசுக்கு வாம்மா, பேசணும்.” போனை வைத்துவிட்டார்.

“என் வேலைக்கே உலை வச்சுட்டியேடா!” அக்கா தலையணையைத் தூக்கி எறிந்தாள். அடுத்த நிமிடமே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “அஞ்சு கொஞ்சம் அதிகமோ?” என்றாள்.

முதல் வட்டிலும் முகமும் இருட்டும் அவ்வளவு அழகு, பறக்க வேண்டிய பொறி மட்டும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், அந்த வட்டுக்கு நீங்கள் எத்தனை போட்டிருப்பீர்கள்?