திருவிதாங்கோட்டில் நின்ற கார்

ஷோரூமுக்குப் போன அன்று பர்வேஸ் செய்த முதல் காரியம், காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்ததுதான். சாவியோடு நின்றிருந்த விற்பனைப் பெண் பிரீனா சிரித்துவிட்டாள்.

"சார், ஸ்டியரிங் முன்னால இருக்கு."

"தெரியும் பிள்ளே. முன்னால இருபத்திரண்டு வருஷம் இருந்தாச்சு."

அவன் ரியாத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவன். முதலாளியை ஆபீசுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், வீட்டுப் பெண்களைக் கல்யாணங்களுக்கும் கொண்டுபோய் விட்டு, வெயிலில் காத்துக் கிடந்து, திரும்பக் கூட்டி வந்தவன். அந்த வீட்டில் மாற்றி மாற்றி வாங்கியதெல்லாம் நீண்ட, தாழ்ந்த பெரிய கார்கள். அதில் ஒன்றுபோல ஒன்றைத் தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வயசு நாற்பத்தேழாகியும் அவனை விடாத ஆசை.

வந்த கார் வெள்ளை. வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. கேட்டைப் பெயர்த்து, ஒரு தூணை இடித்து, அகலப்படுத்திய பிறகும் பின்பக்கம் ஒரு சாண் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. புதுக்கடை வரைக்கும் உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் அதன் வயிற்றைச் சுரண்டியது. கடல் காற்றின் உப்பு படக்கூடாது என்று தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மகன் சுஹைல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். சீட்டில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு மாதமாகியும் பர்வேஸ் பிரிக்கவில்லை. மனைவி சஜ்னா உட்காரும்போதெல்லாம் அது சரசரவென்று சத்தம் போடும். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

காரைப் பார்க்க முதலில் வந்தவர் மைதீன் கனி. நாலு வீடு தள்ளி இருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், பர்வேஸைவிட ஐந்து வயது மூப்பு என்பதால் அவனுக்குக் காக்கா, அதாவது அண்ணன். காரின் மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒரு நடை நடந்து பார்த்தார்.

"மக்கா, இது வண்டியா வள்ளமாலே? கடல்ல எறக்கினா ஓடுமா?"

அவருடைய சந்தோஷத்தில் ஒரு துளி கலப்படம் இல்லை. பர்வேஸ் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் அந்த வீட்டுக்கு ஆண்துணை அவர்தான். பர்வேஸின் உம்மா படுத்த படுக்கையான இரண்டு வருஷமும் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவருடைய ஆட்டோ. சுஹைல் பிறந்தபோதும் அப்படித்தான்.

ஆனி மாதக் கடைசியில் கனி கல்யாணக் கடிதத்தோடு வந்தார். மூத்த மகள் முப்ஷிராவுக்குக் கோட்டாற்றில் மாப்பிள்ளை. கருங்கல் ஊரில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ்.

"பிள்ளைக்கு ஒரே ஒரு ஆசைலே. ஒனக்க வண்டியில மண்டபத்துக்குப் போணுமாம். நீதான் ஓட்டணுமாம். நான் கேக்க மாட்டேன்னேன், விடமாட்டேங்கா."

"இதெல்லாம் கேக்கணுமா காக்கா? எனக்க பிள்ளை மாதிரில்லா அவ."

சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் ஜெயசிங் என்கிற பழைய பள்ளித் தோழன் வேடிக்கையாகக் கேட்டான்: "என்ன பர்வேஸ், அடுத்த வாரம் கல்யாண ஓட்டம் இருக்காமே?"

ஓட்டம். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லும் சொல். ஜெயசிங் அதோடு மறந்துவிட்டு அரசியல் பேசப் போய்விட்டான். பர்வேஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டான். பின்சீட்டில் பட்டுடுத்திய பெண்கள், முன்னால் தான், மண்டப வாசலில் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பது, எத்தனையோ தடவை ரியாத்தில் நின்ற அதே நிற்பு, அதை இப்போது சொந்த ஊர் முழுக்கப் பார்க்கப்போகிறது என்று தோன்றியது. அன்று காரைக் கழுவும்போது வேறு காரணங்களும் வந்து சேர்ந்தன. பூச்சரத்தை ஒட்டும் டேப்பை உரித்தால் பெயின்ட் போகும். பிள்ளைகள் வாந்தி எடுக்கும். நகை உரசிக் கோடு விழும். இந்தக் காரணங்களையெல்லாம் அவன் விரும்பி வரவேற்றான். இவை சொல்லக்கூடியவையாக இருந்தன.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கனிக்குப் போன் செய்தான். கியர் மாற்றும்போது ஒரு சத்தம் வருகிறது, நாகர்கோவில் ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கிறது, பத்து நாள் ஆகும் என்கிறார்கள் என்றான்.

"புது வண்டிக்கா மக்கா?"

"ஆமா காக்கா. எனக்கு என்ன செய்யதுன்னே தெரியல்ல."

"நீ மனசு சடைக்காத. ஆசையா வாங்கின வண்டியில்லா, செரியாயிடும். பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஆறுதல் சொன்னது அவர். ஏற்றுக்கொண்டது இவன்.

இனி காரை மறைக்க வேண்டும். அந்த நீளத்துக்கு அதை எங்கே மறைப்பது? திருவிதாங்கோட்டில் சஜ்னாவின் அண்ணன் வீட்டுக் காம்பவுண்டு பெரியது. அங்கே கொண்டுபோய்த் தென்னைக்கு அடியில் வேண்டாம், காய் விழும் என்று தள்ளி நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் திரும்பினான்.

சஜ்னா வாசலிலேயே நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா? சுஹைல் வயித்துல இருக்கும்போ எனக்குப் பனிக்குடம் ஒடஞ்சது கனி காக்காக்க ஆட்டோவுலதான். அந்த ஆட்டோ வாங்கி மூணு வாரந்தான் ஆயிருந்து. புது சீட்டு. நான் அழுதேன், காக்கா சீட்டெல்லாம் போச்சேன்னு. அவரு திரும்பிக்கூட பாக்கல்ல. கண்ண மூடிட்டு யாசீன் ஓது பிள்ளேன்னு மட்டும் சொன்னாரு."

"இப்போ எதுக்கு அதச் சொல்லுக?"

"நீங்க அப்போ இஞ்ச இல்லல்லா. அதான்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு, கருங்கல் பஸ்ஸைப் பிடிக்க மூன்று பேரும் உடுத்தி நின்றபோது, வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. பர்வேஸ் எட்டிப் பார்த்தான். புதுச் சட்டையும் அத்தர் மணமுமாக, டிரைவர் சீட்டில் மைதீன் கனி.

"ஏறுங்க, ஏறுங்க. வண்டியில்லாம எப்படி வருவியோன்னு பாத்தேன்."

பெண்ணைப் பெற்றவர். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நேரத்தில் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பின்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் கனி பந்தி ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். "நம்ம காரு மட்டும் இருந்திருந்தா..." என்று சுஹைல் ஏதோ ஆரம்பித்தான். சஜ்னா அவன் தொடையை அழுத்தினாள். அவள் பர்வேஸின் பக்கம் திரும்பவே இல்லை.

மண்டபத்தில் முப்ஷிரா ஒரு சின்ன சிவப்புக் காரிலிருந்து இறங்கினாள். உள்ளே இருந்த ஐந்து பேரும் இறங்கிய பிறகுதான் அவளால் இறங்க முடிந்தது. தலையில் வைத்த தோவாளைப் பூ ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. பர்வேஸைக் கண்டதும் அந்த அவசரத்திலும் சிரித்தாள். கனியின் மனைவி நூர்ஜஹான் பேகம் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "பிள்ளைய கொண்டுவாறதுக்குன்னே பெரிய வண்டி வச்சிருந்தான் இந்தத் தம்பி. கண்ணு பட்டு, நேரம் பாத்து கேடாயிட்டு. பாவம், இவனுக்குத்தான் ரொம்ப சங்கடம்."

கேட்டவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பந்தியில் பிரியாணியை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்றான். வேண்டாம் என்றால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஒரு வாரம் கழித்துக் காரைக் கொண்டுவந்தான். ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது கனியைக் கண்டு நிறுத்தினான்.

"வண்டி கிடைச்சிட்டு காக்கா."

"அப்படியா? நல்லது. நீங்க பாத்து ஓட்டுங்க."

நீங்க. முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தான். அடுத்த நாளும் "வாங்க", அதற்கடுத்த நாளும் "சுகமா இருக்கியளா". மக்கா இல்லை, ஏலே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த மரியாதை அவனைத் தூங்கவிடவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, ஆறு கடலில் சேரும் இடத்தில் கனி ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தபோது நடந்தே போனான்.

"காக்கா, எனக்க மேல என்ன கோவம்?"

கனி வாளியைக் கீழே வைத்தார். "திருவிதாங்கோட்டுல எனக்க மச்சினன் ஒருத்தன் இருக்கான். ஒனக்க அளியன், அந்த சஜ்னாக்க அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு. கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்ன கடிதம் குடுக்கப் போனேன். உறை போட்டிருந்து. ஆனா அந்த நீளம் இந்த ஜில்லாவுல வேற யாருக்கு இருக்கு?"

பர்வேஸ் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மீண்டும் நீ என்று பேசுகிறார் என்பது அந்த நேரத்திலும் ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சிருந்துமா அன்னைக்கு ஆட்டோ கொண்டு வந்திய?"

"ஒனக்காக வரல்ல. சஜ்னா எனக்குத் தங்கச்சி மாதிரி. அவளும் பயலும் பஸ்ஸுக்கு நிக்கப்பிடாது." கனி துணியைப் பிழிந்தார். "வண்டி தரமாட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒரு மணிக்கூர்ல மறந்திருப்பேன். ஒனக்க வண்டி கேடாயிட்டுன்னு கேட்டு நான் வீட்டுல சோறு தின்னாம இருந்தேன்லே. இருபத்திரண்டு வருஷம் வெயில்ல கெடந்தவன் வாங்கின வண்டியாச்சேன்னு. அதுதான் எனக்குத் தாங்கல்ல."

பர்வேஸ் எல்லாவற்றையும் சொன்னான். டேப், பெயின்ட் என்று தொடங்கி, அதை விட்டுவிட்டு, ஜெயசிங் சொன்ன சொல்லைச் சொன்னான். ஊருக்கு முன்னால் மறுபடியும் டிரைவராக நிற்க மனது வரவில்லை என்றான்.

"நான் முப்பது வருஷமா ஓட்டந்தான் போறேன்" என்றார் கனி. "எனக்கு அதுல ஒரு குறைச்சலும் தெரியல்ல."

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. போகும்போது கேட்டான்: "நூர்ஜஹான் மைனிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லப்பிடாது. அவ ஒன்ன நல்லவன்னு நெனச்சிட்டிருக்கா. ஒனக்க பாரத்த எறக்குகதுக்கு அவளுக்க மனச ஒடைக்காத."

வீட்டுக்கு வந்ததும் சீட்டின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கிழித்தான். சுஹைலைச் செருப்போடு ஏறச் சொன்னான். பையன் ஏறாமல் அம்மாவைப் பார்த்தான். அதனால் ஒன்றும் லேசாகிவிடவில்லை.

ஆவணியில் நூர்ஜஹான் பேகமே வந்து கேட்டாள். மகளைப் பார்க்கக் கோட்டாறு போக வேண்டும், பஸ்ஸில் முதுகு வலிக்கிறது, தம்பிக்குச் சிரமமில்லை என்றால் என்று இழுத்தாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் ஏறி முந்தானையை உள்ளே எடுத்துக்கொள்ளும் வரைக்கும் நின்றான். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள்.

தக்கலை தாண்டும் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். "அன்னைக்கு இந்த வண்டி கேடாகாம இருந்திருந்தா பிள்ளை இதுலதான் வந்திருப்பா. போட்டும், ஒனக்க மனசு எனக்குத் தெரியும் தம்பி." சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

கோட்டாற்றில் அவள் சம்பந்தி வீட்டுக்குள் போனாள். முப்ஷிரா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து, பானட்டில் கை வைத்தாள்.

"செரியாயிட்டா மாமா? என்ன கேடாம்?"

"ஒரு கேடும் இல்ல மக்கா" என்றான் பர்வேஸ். "அன்னைக்கும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கையைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் குட்டிக் காருல எனக்க மடியில ரெண்டு பிள்ளைய இருந்திச்சு மாமா. ஒண்ணு உடுப்புல சர்த்திச்சு, ஒரே வாந்தி நாத்தம். நான் அழாம இருக்கதுக்கு ஒங்க வண்டிய நெனச்சிட்டே போனேன்." பிறகு, "உம்மாட்ட சொல்லியாச்சா?" என்றாள்.

"வாப்பா சொல்லப்பிடாதுன்னாரு."

"சொல்லாதீங்க."

"ஒரு சுத்து போயிட்டு வரலாமா மக்கா?"

"இன்னொரு நாளு வாரேன் மாமா. உள்ள வாங்க, சாயா ஆறிப்போவும்."

உள்ளே நூர்ஜஹான் சம்பந்திகளிடம் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். முப்ஷிரா டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை அவன் நூர்ஜஹானைக் கோட்டாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். டீக்கடையில் யாராவது கேட்டால், "ஓட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவான். மூன்றாவது தடவை போனபோது முப்ஷிரா பீச் ரோடு வரைக்கும் ஒரு சுற்று வந்தாள். மைதீன் கனி இன்றுவரை அந்தக் காரில் ஏறவில்லை. பர்வேஸும் ஏறச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் அவர் மறுக்கமாட்டார், ஆனால் மறுபடியும் அந்த மரியாதையோடு, நீங்க சொன்னா ஏறுதேன் என்பார். அந்த நீங்கவைக் காதால் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.