மிளகாய்க் கிணறு

கிணற்றை மூடிவிடலாம் என்று அப்துல் ஹக்கீம் சொன்னபோது கமருன்னிசாவுக்குக் கோபம் வரவில்லை. கணவர் செய்யது அபுதாஹிர் இறந்துபோன பிறகு அவளுக்கு எதுவும் சட்டென்று வருவதில்லை. அழுகைகூட இன்னும் வரவில்லை.

ஹக்கீம் கணவரின் தம்பி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். அவருடைய கிட்டங்கியில் மூட்டை அடுக்க இடம் போதவில்லை. பக்கத்திலேயே அண்ணன் வீடு. இரண்டுக்கும் நடுவில் பொதுக் கிணறு, இரண்டு வருடமாக வறண்டு கிடந்தது.

அந்தத் தெருவில் முன்பு வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. குழாயில் ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் வந்ததும் ஒவ்வொன்றாக மூடினார்கள். ஒன்றின் மேல் அச்சகம், ஒன்றின் மேல் மாவு மில். இப்போது குழாயிலும் காற்றுதான் வந்தது. மீதமிருந்தது இந்த ஒரு கிணறு.

"மழைத் தண்ணியச் சேமிக்கணும்னு கவர்மெண்டே சட்டம் போட்டிருக்குல்ல தம்பி. கூரையிலருந்து கெணத்துக்கு ஒரு குழாய் போட்டுப் பாப்போம்" என்றாள் கமருன்னிசா.

"போடுங்க மதினி. முத மழைக்குக் கெணத்துல தண்ணி நின்னா நான் கை வைக்கலை. நிக்கலைன்னா மண்ணடிச்சு மூடிருவேன்."

சந்தையில் ஹக்கீம் வாய்ச்சொல்லிலேயே லோடு லோடாக வாங்கி விற்பவர். எழுத்து கிடையாது. சொன்னால் சொன்னதுதான்.

குழாய் போட வந்த சீனிச்சாமி கமருன்னிசாவின் ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கிட்டங்கியின் அகலமான மொட்டைமாடியைக் காட்டினார்.

"அதுலருந்து விட்டா கெணறு ரொம்பிரும்."

எல்லோருக்கும் சரியென்றே பட்டது. அந்த மாடியில் பல வருடங்களாக வத்தல் காய்கிறது; விரிசலெல்லாம் விதையும் தூளும் அப்பிக் கிடக்கிறது. வெளியூர்க்காரன் யாராவது நின்றிருந்தால் தும்மியே சொல்லியிருப்பான். அந்தத் தெரு மூக்குகளுக்கு நெடி மரத்துப்போய் வெகுகாலமாயிற்று.

ஐப்பசியில் ஒரு பகல், அரைமணி நேரம் மழை கொட்டியது. கிணற்றில் முழங்காலளவு தண்ணீர். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு வள்ளித்தாய்தான் முதலில் இறைத்தாள். தலையோடு ஒரு வாளி ஊற்றினாள்.

அடுத்த நொடி தெருவே கேட்கும்படி அலறினாள்.

"யாத்தே, கண்ணு போச்சே! அக்கா, இது குளிக்கிறதுக்கா, கொளம்புக்கா?"

"உப்பு மட்டும் போட்டா ரசம்லே" என்று யாரோ சொல்ல, சனம் சிரித்தது. கமருன்னிசா வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து வள்ளித்தாயின் முகத்தில் தடவினாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஹக்கீம் வந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மண்ணு லாரி வரச் சொல்லிட்டேன் மதினி."

"தண்ணி நிக்கிதுல்ல, தம்பி?"

"நிக்கிது. யாரு குடிக்க? கெணத்துக்கே சட்டினி அரைச்சு வச்சிருக்கீக."

அவர் போனதும் கமருன்னிசா கயிற்றையும் வாளியையும் எடுத்தாள். இறைத்து, தெருச் சாக்கடையில் ஊற்றினாள்.

"பஞ்சத்துல தண்ணியக் கொட்டுறீகளே! பாத்திரமாவது கழுவலாம்ல" என்றாள் வள்ளித்தாய், சிவந்த கண்களோடு.

"கழுவிட்டு அந்தக் கையாலயே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவியா? காரத்த எறைச்சாத்தான் நல்ல தண்ணி ஊறுதான்னு தெரியும். பிடி, கயித்த."

வள்ளித்தாய் முனகிக்கொண்டே பிடித்தாள். பொழுது சாயும்வரை இறைத்தார்கள். சாக்கடையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. கமருன்னிசாவின் உள்ளங்கை எரிந்தது. அது யாருடைய கையோ என்பதுபோல இருந்தது.

காலையில் லாரி வந்து நின்றது. தெரு கூடியிருந்தது. சீனிச்சாமி கிணற்றுக்குள் இறங்கினார்.

"என்ன இருக்கு?" ஹக்கீம் மேலிருந்து கேட்டார்.

"வடக்கு மூலையில லேசா ஊறியிருக்கு. ஒரு சொம்பு தேறும்."

"காரமா?"

சீனிச்சாமி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"நல்ல தண்ணி."

"ஒரு சொம்பா!" ஹக்கீம் சிரித்தார். "இதுக்கு ஒரு கெணறா, மதினி?"

"தண்ணி நின்னா கை வைக்கலைன்னு சொன்னீக. எம்புட்டுன்னு சொல்லலையே தம்பி."

லாரி டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் வத்தல் வியாபாரிகளும் நின்றார்கள். நாளைக்கும் இவரோடு வாய்ச்சொல்லில் பேரம் பேச வேண்டியவர்கள். ஹக்கீம் அவர்களையும் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கையை ஆட்டினார்.

"ரிவர்ஸ் எடுப்பா."

வள்ளித்தாய் கமருன்னிசாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செயிச்சிட்டீக அக்கா. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

கமருன்னிசா சிரித்துப் பார்த்தாள். உதடு விரிந்தது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அடுத்த மழைக்குள்ள மாடியக் கழுவணும், வள்ளி" என்று சொல்லிவிட்டு, தென்னை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிட்டங்கிப் படியேறினாள்.